ரோமில் முதல் நாள்: காலை 7 மணிக்கு இறங்குகிறோம், மதியம் 2 மணிக்கு கொலோசியம் டிக்கெட் போடலாமா?

பாலாற்றங்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஏப்ரல் 21 காலை 7 மணிக்கு நானும் மனைவியும் சென்னையிலிருந்து வளைகுடா வழியாக ரோம் ஃபியுமிசீனோ விமான நிலையத்தில் இறங்குகிறோம். மியூனிக்கில் இருக்கும் நண்பரும் அவர் மனைவியும் அதே நாள் 9.40க்கு அதே விமான நிலையத்துக்கு வருகிறார்கள். நான்கு இரவுகள் தங்குகிறோம். டெர்மினி ரயில் நிலையம் அருகே ஒரே ஹோட்டல், அறை 3 மணிக்குத்தான் கிடைக்கும்.

முதல் நாளை வீணாக்க வேண்டாம், 2 மணிக்கு கொலோசியம், மாலையில் வத்திக்கான் என்று நண்பர் சொல்கிறார். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. மனைவி சைவம், முட்டையும் சாப்பிட மாட்டார், பால் பொருட்கள் சாப்பிடுவார். முழங்கால் வலியும் உண்டு. மெதுவாக, இடையிடையே உட்கார்ந்து போனால் நான்கு ஐந்து கிலோமீட்டர் நடப்பார்.

முதல் நாளை எப்படி அமைக்கலாம்? விமான நிலையத்திலேயே நண்பர்களுக்காகக் காத்திருப்பதா, முன்னால் போய்விடுவதா? பஸ், மெட்ரோ டிக்கெட் நான்கு பேருக்கு எப்படி எடுப்பது?

---

நடைவழி

2 மணி கொலோசியம் வேண்டாம். இறங்குகிற நாளில் நேரம் குறித்த டிக்கெட் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கொலோசியம் டிக்கெட்டில் ஒவ்வொருவர் பெயரும் நுழையும் நேரமும் இருக்கும். வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பக்கத்திலிருக்கும் பழைய ரோமின் இடிபாடுகளான ஃபோரம், பலத்தீன் குன்று சேர்ந்த 24 மணி நேர டிக்கெட் ஆளுக்கு 18 யூரோ. நான்கு பேருக்கு 72 யூரோ. விமானம் தாமதமானாலோ, பாஸ்போர்ட் வரிசை நீண்டாலோ அந்தப் பணம் போனதுதான். அதைவிட முக்கியம் உடம்பு. ஃபோரமும் பலத்தீனும் நிழல் குறைந்த, மேடுபள்ளமான கல்தரை. மூன்று நான்கு மணி நேரமாவது வேண்டும். இரவு முழுக்க விமானத்தில் வந்துவிட்டு அங்கே நின்றால் பார்க்கிற எதுவும் மனதில் ஏறாது. அதற்கு மேல் அதே மாலையில் வத்திக்கான் என்பது நடக்காத காரியம். இரண்டாம் நாள் காலை முதல் நேரத்துக்கே கொலோசியம் போடுங்கள். அதிகாரப்பூர்வ தளத்தில் 30 நாட்களுக்கு முன்பு டிக்கெட் திறக்கும்.

பதிவு செய்யும்போது ஒரு கவனம். பாஸ்போர்ட்டில் உங்கள் பெயர், அப்பா பெயர் எந்த வரிசையில், எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறதோ அப்படியே போடுங்கள். நம்மில் பலருக்கு இனிஷியலை விரித்ததில்தான் குழப்பம் வரும். நண்பர் நான்கு பேருக்கும் சேர்த்து எடுப்பதாக இருந்தால், பாஸ்போர்ட் பக்கத்தின் படத்தை அனுப்பிவிட்டு அதைப் பார்த்துத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள்.

விமான நிலையம்: காத்திருக்க வேண்டாம். அவர்கள் ஜெர்மனியிலிருந்து வருவதால் பாஸ்போர்ட் சோதனை இல்லாமல் வெளியே வந்துவிடுவார்கள். நீங்கள் வரிசையில் நின்று, பெட்டி எடுத்து வெளியே வர எட்டரை ஆகலாம். அங்கேயே உட்கார்ந்தால் இன்னும் ஒன்றரை மணி நேரம் வீண். லியோனார்தோ எக்ஸ்பிரஸ் ரயில் நேராக டெர்மினிக்கு 32 நிமிடம், ஆளுக்கு 14 யூரோ. 8 யூரோவுக்கு இன்னொரு ரயிலும் உண்டு, ஆனால் அது டெர்மினிக்குப் போகாது, திராஸ்தேவெரே, ஓஸ்தியென்ஸே வழியாகப் போய்விடும். விலையைப் பார்த்து அதில் ஏறி விழிப்பவர்கள் நிறைய. காகித டிக்கெட் என்றால் ஏறுமுன் பிளாட்பாரத்தில் இருக்கிற சின்ன இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். குத்தாவிட்டால் செல்லுபடியான டிக்கெட் கையில் இருந்தும் அபராதம்.

நான்கு பேரும் ஒன்றாக வருகிற கணக்கில் மட்டும் டாக்ஸி லாபம். பழைய நகர மதிலுக்குள் எங்கே போனாலும் 55 யூரோ நிலைக்கட்டணம், பெட்டிக்குத் தனியாகக் கிடையாது. வெள்ளை வண்டி, கதவில் ரோமா காப்பித்தாலே என்று எழுதியிருக்க வேண்டும். உள்ளே நின்று "டாக்ஸி டாக்ஸி" என்று கூப்பிடுபவர்களோடு போகாதீர்கள். நாலு பெரிய பெட்டி சாதாரண காரில் அடங்காது, வரிசையில் பெரிய வண்டி கேளுங்கள்.

ஹோட்டலில் பத்து மணிக்குப் பெட்டியைப் போட்டுவிடலாம், அறை தயாராகாவிட்டாலும் வைத்துக்கொள்வார்கள். நகர வரி தனியாகக் கேட்பார்கள், மூன்று நட்சத்திரம் என்றால் ஆளுக்கு ஒரு இரவுக்கு 6 யூரோ, நான்கு நட்சத்திரம் 7.50. அறை வாடகையை முன்பே கட்டியிருந்தாலும் இது பெரும்பாலும் ஹோட்டலில்தான் வசூல்.

இனி அன்றைய நடை. டெர்மினி வாசலிலிருந்து 40 ஆம் எண் பஸ்ஸில் லார்கோ அர்ஜென்தீனா இறங்குங்கள். 64 ஆம் எண்ணும் அதே பக்கம்தான் போகும், ஆனால் நிறுத்தங்கள் அதிகம், கூட்டம் அதிகம், ஜேப்படிக்குப் பேர்போன வண்டி. இறங்கிய இடத்திலேயே தெருமட்டத்துக்குக் கீழே நான்கு பழைய கோயில்களின் இடிபாடு தெரியும். கி.மு. 44 இல் ஜூலியஸ் சீசரைக் குத்திய மண்டபம் அதன் மேற்கு ஓரத்தில் இருந்தது. கம்பிக்கு வெளியே நின்றே பார்க்கலாம், பூனைகள் நிறைய இருக்கும்.

அங்கிருந்து காம்போ தெ ஃபியோரி சந்தை, மதியம் 2 மணி வாக்கில் கடைகளைச் சுருட்டிவிடுவார்கள். பிறகு பியாட்சா நவோனா சதுக்கம். அங்கே நடுவிலிருக்கும் பெர்னினியின் நான்கு நதிகள் நீரூற்றைச் சுற்றி வாருங்கள். 1651 இல் முடித்தது. நைல், டான்யூப், லா பிளாட்டாவோடு நம் கங்கையும் ஒன்று. கையில் நீண்ட துடுப்போடு தாடிக்காரராகச் சாய்ந்து உட்கார்ந்திருப்பவர்தான் கங்கை. முகத்தைத் துணியால் மூடியிருப்பவர் நைல், அந்த நதியின் ஊற்று அப்போது ஐரோப்பாவில் யாருக்கும் தெரியாது.

நவோனாவிலிருந்து மூன்று நிமிட நடையில் சான் லூயிஜி தெய் ஃபிரான்செசி தேவாலயம். கரவாஜ்ஜோ வரைந்த புனித மத்தேயுவின் மூன்று ஓவியங்கள் இடப்பக்கத்துக் கடைசிச் சிற்றாலயத்தில். அனுமதி இலவசம். சில்லறை நாணயம் போட்டால்தான் விளக்கு எரியும், கையில் வைத்திருங்கள். பன்னிரண்டே முக்காலுக்குச் சாத்திவிட்டு இரண்டரைக்கு மேல்தான் திறப்பார்கள், அதனால் இதை மதியச் சாப்பாட்டுக்கு முன்பு முடித்துவிடுங்கள்.

சாப்பிட்டு, மூன்று மணிக்கு ஹோட்டல். குளித்து, ஒரு மணி நேரம் மட்டும் படுங்கள். ஐந்து மணிக்குப் பழைய ரோமானியக் கோயிலான பாந்தியோன், அடுத்து சான்ட் இக்னாட்சியோ தேவாலயம், ஏழரைக்கு த்ரேவி நீரூற்று, இரவுச் சாப்பாடு, கடைசியில் ஸ்பானியப் படிகள். அங்கேயே ஸ்பான்யா மெட்ரோ நிலையம், மூன்றாவது நிறுத்தம் டெர்மினி. ஏப்ரல் கடைசியில் சூரியன் எட்டு மணி வாக்கில்தான் மறையும், வெளிச்சத்துக்குக் குறைவில்லை.

---

தேன்மொழி_ரா

சைவ விஷயம் நான் சொல்றேன். இத்தாலியில் சைவத்துக்குக் கவலையில்லை என்று எல்லாரும் சொல்வாங்க. ரோமைப் பொறுத்தவரை அது பாதிதான் உண்மை. இந்த ஊர்ச் சமையலில் பன்றிக் கன்னத்துக் கொழுப்பும் நெத்திலியும் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருக்கும்.

கார்போனாரா, அமாத்ரிச்சியானா, கிரிச்சியா என்கிற பாஸ்தா மூன்றிலுமே பன்றி. காச்சோ எ பெப்பே மட்டும் பெக்கோரினோ சீஸும் மிளகும்தான், சாஸில் முட்டையும் இல்லை. ஆனால் பெக்கோரினோ ரொமானோவை உறைய வைப்பது ஆட்டுக்குட்டி வயிற்றுச் சுரப்பால். அதையும் தவிர்க்கிறவர் என்றால் தக்காளி, துளசி போட்ட பாஸ்தாவை சீஸ் இல்லாமல் கேளுங்க. முட்டை ஆகாது என்பதால் ஃபெத்துச்சீனே, ரவியோலி மாதிரி முட்டை சேர்த்துப் பிசைந்த பாஸ்தாவும் வேண்டாம். ஸ்பகெத்தி, ரிகத்தோனி காய்ந்த பாஸ்தா, கோதுமையும் தண்ணீரும்தான்.

பூசணிப்பூ பஜ்ஜி பார்க்க ஆசையாக இருக்கும். உள்ளே மொசரெல்லாவோடு ஒரு நெத்திலித் துண்டு வைத்திருப்பாங்க, அதுதான் ரோம் வழக்கம். புந்தரெல்லே கீரை சாலட்டில் ஊற்றும் சாறும் நெத்திலி அரைத்ததே. சுப்ளி என்கிற அரிசி உருண்டையில் பெரும்பாலும் இறைச்சிக் குழம்பு கலந்திருக்கும், கேட்காமல் வாங்காதீங்க. காய்கறி சூப்பிலும் பன்றித் துண்டு விழ வாய்ப்புண்டு.

தைரியமா சாப்பிடக்கூடியவை: பிட்சா மரினாரா, பெயரைக் கேட்டு மீன் என்று நினைக்க வேண்டாம், தக்காளி, பூண்டு, ஓரிகானோ மட்டும்தான், சீஸ்கூட கிடையாது. வெறும் உப்பும் எண்ணெயும் தடவிய பிட்சா பியாங்கா. ஏப்ரலில் கூனைப்பூ (ஆர்ட்டிசோக்) சீசன் கடைசிக் கட்டம், லார்கோ அர்ஜென்தீனாவிலிருந்து தெற்கே சில நிமிடம் நடந்தால் பழைய யூதர் குடியிருப்பு. அங்கே முழுக் கூனைப்பூவை எண்ணெயில் பொரித்து, இதழ் விரிந்த பூவாக, அப்பளம் போல மொறுமொறுப்பாகத் தருவாங்க. முதல் நாள் மதியத்துக்கு அதைவிட நல்ல சாப்பாடு அந்தப் பக்கத்தில் இல்லை.

துண்டு பிட்சாக் கடையில் எடைக்குத்தான் விலை. பலகையில் இருப்பது கிலோ விலையோ 100 கிராம் விலையோ, பார்த்துக்கோங்க. எவ்வளவு வேணும்னு கையால் காட்டினால் கத்தியை வைத்து இவ்வளவா என்று கேட்பாங்க. ஆளுக்கு 200 கிராம் போதும்.

ஆர்டர் சொல்லும்போது "சென்ட்ஸா கார்னே, சென்ட்ஸா பெஷே, சென்ட்ஸா அச்சூகே, சென்ட்ஸா உவோவா" என்று நாலையும் சொல்லிடுங்க: இறைச்சி, மீன், நெத்திலி, முட்டை வேண்டாம். சைவம் என்று மட்டும் சொன்னால் நெத்திலியைக் கணக்கில் எடுக்காத கடைகள் உண்டு. வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்கினால் டெர்மினியிலிருந்து நடக்கிற தூரத்தில் எஸ்குவிலினோ சந்தை, இந்திய, வங்கதேச மளிகைச் சாமான் எல்லாம் கிடைக்கும்.

காபி நின்றுகொண்டே குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் இரண்டு மூன்று மடங்கு. பல கடைகளில் முதலில் கல்லாவில் பணம் கட்டி ரசீது வாங்கி, அதைக் கவுண்டரில் காட்டணும். முழங்கால் வலி இருக்கிறவங்களுக்காக ஒரு தடவை நாற்காலி விலை கொடுத்து உட்காருவதில் தப்பில்லை, ஆனால் நவோனா சதுக்கத்திலோ பாந்தியோன் எதிரிலோ வேண்டாம், இரண்டு தெரு உள்ளே போங்க.

---

மாடத்தெரு

நடைவழி சொன்னதில் பெரும்பகுதி சரி. இரண்டு இடத்தில் மாறுபடுகிறேன்.

ஒன்று, மதியம் ஹோட்டலுக்குத் திரும்புவது. இத்தாலி ஏப்ரலில் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். மாலை நான்கு மணிக்குப் படுத்தால் உடம்புக்கு இரவு ஏழரை. ஒரு மணி நேரத்தில் எழுந்திருப்போம் என்று படுத்தவர்கள் ராத்திரி பதினொன்றுக்கு விழித்து, விடியும்வரை உட்கார்ந்திருப்பார்கள், மறுநாள் முதல் நேர கொலோசியம் போயே போச்சு. இரவு ஒன்பதரை வரை விழித்திருந்துவிட்டால் அடுத்த நாளே உடம்பு வழிக்கு வந்துவிடும். அறைக்குப் போங்கள், குளியுங்கள், உடை மாற்றுங்கள், கட்டிலில் சாய வேண்டாம். நண்பர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆகவே எழுப்பும் பொறுப்பு அவர்களுடையது.

இரண்டு, தேதி. ஏப்ரல் 21 ரோம் நகரத்தின் பிறந்தநாள் என்று மரபு. அன்று நடுப்பகலில் பாந்தியோன் கூரையின் வட்டத் திறப்பு வழியாக விழும் ஒளி நேரே வாசலில் வந்து நிற்கும். இறங்குகிற நாளே அதுவாக அமைந்திருக்கும்போது மாலை ஐந்துக்குப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. இணையத்தில் எங்கும் பகல் 12 என்று எழுதியிருப்பார்கள். அது சூரிய நடுப்பகல். கோடை நேரமும் ஊரின் தீர்க்கரேகையும் சேர்ந்து கடிகாரத்தில் அது 1 மணி 10 நிமிடம் வாக்கில் வரும். 12.30க்கு உள்ளே நுழைந்து, வாசலைப் பார்த்தபடி உள்பக்கம் நின்றால் ஒளிவட்டம் சுவரிலிருந்து மெல்ல நகர்ந்து நுழைவாயில் வளைவைத் தொடுவதை முழுதாகப் பார்க்கலாம். மேகம் இருந்தால் ஒன்றும் தெரியாது.

அதற்கு டிக்கெட் 5 யூரோ, 2023 ஜூலையிலிருந்து கட்டணம். முன்பதிவு செய்துவிடுங்கள். முதல் நாளில் நேரம் குறித்த டிக்கெட் வேண்டாம் என்ற விதிக்கு இது விலக்கு, ஏனென்றால் தவறினால் போவது நான்கு பேருக்கு 20 யூரோதான். தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும், அது இன்றும் வழிபாடு நடக்கும் தேவாலயம். உள்ளே குவிமாடத்தின் விட்டமும் தரையிலிருந்து உச்சியின் உயரமும் ஒரே அளவு, 43.3 மீட்டர். கம்பி இல்லாத கான்கிரீட்டில் இன்றைக்கும் உலகிலேயே பெரியது. தரை நடுவில் லேசாக மேடு, சுற்றிலும் சின்ன ஓட்டைகள், மேலிருந்து விழும் மழைநீர் வடிவதற்கு. அதைக் குனிந்து பாருங்கள்.

ஆகவே நவோனா, சான் லூயிஜி, 12.30 பாந்தியோன், 1.30 சாப்பாடு. பெரும்பாலான உணவகங்கள் இரண்டரை வரை மதிய ஆர்டர் எடுக்கும். தேன்மொழி சொன்ன யூதர் குடியிருப்பு பாந்தியோனிலிருந்து தெற்கே பத்து நிமிட நடை, அங்கேயே சாப்பிடலாம்.

சான்ட் இக்னாட்சியோவில் ஒன்று. உள்ளே கண்ணாடி வைத்து, அதில் கூரையோடு படம் எடுக்க நீண்ட வரிசை நிற்கும். அந்த வரிசை தேவையில்லை. நடுக்கூடத்தின் தரையில் வட்டமான பளிங்குக் குறி இருக்கும். அதன்மேல் நின்று பலிபீடத்தின் பக்கம் அண்ணாந்து பார்த்தால் பெரிய குவிமாடம் தெரியும். பார்த்துக்கொண்டே முன்னால் நடங்கள். பத்து இருபது அடியில் குவிமாடம் ஒரு பக்கமாகச் சரியும், கடைசியில் அது தட்டையான துணியில் வரைந்த ஓவியம் என்று தெரியும். அந்திரேயா பொட்சோ 1685 இல் செய்தது.

---

பாலாற்றங்கரை

மிக்க நன்றி. நண்பரிடம் காட்டினேன், கொலோசியம் 22 காலைக்கு மாறிவிட்டது. பாந்தியோன் 12.30 உறுதி. மூன்று சின்னக் கேள்விகள் மட்டும். பஸ், மெட்ரோவுக்கு ஒரே கார்டில் நான்கு பேர் போக முடியுமா? த்ரேவிக்குப் பணம் வாங்குகிறார்கள் என்கிறார்களே? நாலு பேர் வேறு வேறு வேகத்தில் நடப்போம், கூட்டத்தில் பிரிந்துவிட்டால் என்ன செய்வது?

---

நடைவழி

பாந்தியோனை மதியத்துக்கு மாற்றியது நல்ல முடிவு, மாடத்தெரு சொன்னதை ஏற்கிறேன்.

ஒரே கார்டில் நான்கு பேர் போக முடியாது. பஸ்ஸிலும் மெட்ரோ வாசலிலும் வங்கிக் கார்டைத் தொட்டே போகலாம், 1.50 யூரோ கழியும். ஆனால் ஒரு கார்டு ஒரு ஆளுக்குத்தான். கணவர் தொட்டபிறகு அதையே மனைவிக்குத் தொட்டால் இரண்டாவது ஆளுக்கு டிக்கெட் பதிவாகாது, பரிசோதகர் வந்தால் அபராதம். அந்த 1.50 யூரோவில் 100 நிமிடம் பஸ், டிராம் எத்தனை வேண்டுமானாலும் மாறலாம், மெட்ரோ ஒரே ஒரு முறை. மாறும்போதும் திரும்பத் தொட வேண்டும், மறுபடி பணம் கழியாது. முதலில் கார்டையும் அடுத்து அதே கார்டு ஏற்றிய போனையும் தொட்டால் இரண்டும் வேறு வேறாகக் கணக்காகி இரண்டு முறை கழியும். தொட்டுப் பணம் கட்டும் வசதியுள்ள கார்டு இல்லாதவருக்குப் புகையிலைக் கடையில் காகித டிக்கெட் வாங்கிவிடுங்கள், கருநீலப் பலகையில் வெள்ளை T எழுத்து. பஸ்ஸில் ஏறியதும் முத்திரை குத்த வேண்டும். கடையிலோ ஏடிஎம்மிலோ ரூபாயில் கழிக்கவா யூரோவில் கழிக்கவா என்று கேட்டால் யூரோ என்றே சொல்லுங்கள், ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் கூடுதலாக எடுத்துக்கொள்வார்கள்.

த்ரேவியில் தண்ணீரை ஒட்டிய கீழ்ப்படிகளுக்கு 2026 பிப்ரவரியிலிருந்து வெளியூர்க்காரர்களுக்கு 2 யூரோ. இரவு 10 மணி வரைதான். மேலே சதுக்கத்திலிருந்து பார்க்கக் கட்டணம் இல்லை. 26 மீட்டர் உயரமுள்ள நீரூற்று, மேலிருந்து முழு வடிவமும் நன்றாகவே தெரியும். ஸ்பானியப் படிகளில் உட்காரத் தடை, காவலர் விசில் ஊதி எழுப்புவார், மீறினால் அபராதம். முழங்கால் வலி உள்ளவர் 135 படி ஏற வேண்டியதே இல்லை, கீழே படகு வடிவ நீரூற்றின் பக்கம் நின்றால் போதும்.

---

தேன்மொழி_ரா

பிரிந்துவிட்டால் பற்றி: பாந்தியோன் முன்னால் சந்திப்போம் என்று மட்டும் சொல்லிக்காதீங்க, நூற்றுக்கணக்கான பேர் நிற்பாங்க. அதன் பின்பக்கச் சதுக்கத்தில் கல் யானை ஒன்று முதுகில் எகிப்தியத் தூணோடு நிற்கும், பெர்னினி வடிவமைத்தது. அங்கே கூட்டம் குறைவு, யாருக்கும் தப்பாது. நவோனாவில் நடு நீரூற்று, த்ரேவியில் நீரூற்றுக்கு எதிரே இருக்கும் தேவாலய வாசல். இருபது நிமிடம் காத்திருந்தும் வராவிட்டால் அடுத்த இடத்தில் பார்ப்போம் என்று காலையிலேயே முடிவு பண்ணிடுங்க. ஊர் வரைபடத்தை நாலு போனிலும் இறக்கி வைங்க.

வேகம் ஒத்துப்போகாதபோது நாலு பேரும் ஒட்டிக்கொண்டே அலைய வேண்டாம். காலையில் நீங்கள் இருவர் மட்டும் காம்போ தெ ஃபியோரி பாருங்க, அவங்க பெட்டி போட்டுவிட்டு 11.45க்கு நவோனா வந்து சேரட்டும். சாப்பாட்டு பில்லை மேசைக்கு ஒன்றாகத்தான் தருவாங்க, ஆளாளுக்குப் பிரித்துக் கேட்பது கூட்ட நேரத்தில் பெரும்பாலும் நடக்காது. ஒரு நாள் ஒரு ஜோடி கட்டட்டும், இரவு கணக்குப் பார்த்துக்கலாம். ரொட்டிக்கு, பரிமாறலுக்கு என்று ஆளுக்கு ஒன்றிரண்டு யூரோ பில்லில் இருக்கும். அது இருந்தால் டிப்ஸ் தனியா வேண்டாம்.

தண்ணீர் பாட்டில் ஆளுக்கு ஒன்று போதும். தெருவில் வளைந்த மூக்கோடு இரும்புக் குழாய்த் தூண்கள் நிற்கும், எப்போதும் ஓடுவது குடிநீரே. குழாய் நுனியை விரலால் அடைத்தால் வளைவின் மேலுள்ள ஓட்டை வழியாகத் தண்ணீர் மேலே எழும்பும், குனியாமல் குடிக்கலாம். முழங்கால் வலிக்கு அது வசதி.

செருப்பு மட்டும் வேண்டாம். தெரு முழுக்கச் சின்னச் சின்னக் கருங்கல், இடைவெளியில் மெல்லிய அடிப்பாகம் உள்ள செருப்பு மாட்டும். தடிமனான அடியுள்ள ஷூ போடுங்க. மழை பெய்தால் அந்தக் கல் வழுக்கும், அப்போது நடையை நவோனாவோடு நிறுத்திவிட்டு லார்கோ அர்ஜென்தீனா டாக்ஸி ஸ்டாண்டுக்கு வந்துடுங்க. ஓடுகிற டாக்ஸியைக் கைகாட்டினால் பெரும்பாலும் நிற்காது.